தவளையின் முழுப் பெயர்

தோன்புரி, பௌத்த ஆண்டு 2537 (கி.பி. 1994)

மார்ச் 8, செவ்வாய்

மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு இன்று முடிவெடுத்துவிட்டேன். நாளை முதல் இளநீர் கோயிலுக்கு முன்பு. பின்பு அல்ல.

பதினோரு ஆண்டுகளாக வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றி, வாய்க்கால் வழியே போய், முதலில் கோயிலைக் காட்டி, அதன் பிறகு தென்னந்தோப்பில் இறக்கி ஆளுக்கொரு இளநீர் கொடுத்துவந்தோம். இந்த வரிசையை யார் வகுத்தார்கள் என்று தெரியாது. கிரகங்களின் பாதை போல அதை மதித்துவந்தோம். ஆனால் இந்த வாய்க்காலில் கழிப்பறை இருக்கும் ஒரே இடம் கோயில்தான். இளநீர் குடித்த பிறகு வயதான ஐரோப்பியர்கள் படகில் உட்கார்ந்திருக்கும் விதத்தை நான் நீண்ட காலமாகக் கவனித்துவருகிறேன். ஆகவே வரிசை மாறுகிறது. உலகத்தில் இதைவிடச் சிறிய மாற்றங்களுக்கெல்லாம் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். எனக்கு ஒரு பென்சில் போதுமாக இருந்தது.

படகோட்டி தவளையிடம் மாலையில் சொன்னேன். துறையில், படகின் அடியில் ஊறியிருந்த தண்ணீரைத் தகர டப்பாவால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான்.

"சரின்னா, சரியா? இல்ல, 'சரி, பாக்கலாம்'னு சொல்ற சரியா?"

"சரின்னா சரிதான், எறும்பண்ணே."

எறும்பு நான்தான். இங்கே எல்லோருக்கும் இப்படி ஒரு செல்லப் பெயர் உண்டு. பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தேனாம். அம்மா கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் கொடுத்த வழிகாட்டி உரிமத்தில் நொப்பகுன் என்று இருக்கிறது. ஒன்பது குணங்கள் உடையவன் என்று பொருள். உரிமம் புதுப்பிக்கும் நாளில் மட்டும் அந்த ஆளாக இருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். மதியம் ஹாலந்துக்காரர்கள் வந்திருந்தார்கள். வீட்டு வாசலில் வாய்க்காலை வைத்துக்கொண்டு எங்கள் வாய்க்காலைப் பார்க்க ஒன்பதாயிரம் கிலோமீட்டர் வந்தவர்கள். படகோட்டியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். பொருளையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவர் தவளை மாதிரி கத்திக் காட்டினார். பிறகு படகே கத்தியது. தவளையும் சிரித்தான். எந்தச் சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்களிடம் பதினேழு வகைச் சிரிப்பு உண்டு என்று பயணிகளிடம் சொல்வது என் வழக்கம். அந்த எண்ணிக்கை என் சொந்தத் தயாரிப்பு.

மார்ச் 9, புதன்

தவளை வரவில்லை.

ஒன்பதரை வரை காத்திருந்தோம். படகு துறையில்தான் கிடக்கிறது, தூணில் சங்கிலி போட்டுப் பூட்டியபடி. பதினோரு ஆண்டில் அவன் வராத நாள் இரண்டு. இரண்டையும் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தான்.

துறையில் காபி விற்கும் சோளத்தைக் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் போனதுதான். காலையில நான் அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்பாரு. இன்னிக்கு கிளாஸை எடுத்து வச்சிட்டு நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், திரும்பிப் பாத்தா ஆளில்ல." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"சும்மா கேட்டேன். உங்க வாய் அப்படி."

அடுத்த துறையிலிருந்து வேறொரு படகு பிடித்தேன். இளநீர் முன்பு, கோயில் பின்பு. சீர்திருத்தம் முழு வெற்றி. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் மட்டும் பின்னால் வரும் ஒவ்வொரு படகையும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, வியாழன்

இன்றும் இல்லை.

மனத்தாங்கல். அதுவாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்க்கிறேன் — நான் பயணிகளைக் கோயிலுக்குள் அழைத்துப் போகும் முக்கால் மணி நேரம் அவன் கோயில் துறையின் கூரை நிழலில் படகை நிறுத்திவிட்டுத் தூங்குவான். கோயிலைப் பின்னால் தள்ளினால் உச்சி வெயில். அந்த நிழல் நகர்ந்துபோயிருக்கும். பதினோரு ஆண்டுத் தூக்கத்தை ஒரு பென்சிலால் அழித்துவிட்டேன். அவனைக் கேட்டேனா? இல்லை. சொன்னேன். அப்புறம் அந்தத் தவளைக் கத்தல் வேறு.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தால் மேலாளரைக் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு வந்தால் நாங்கள் வராமல் இருந்துவிடுவோம். எதிராளி உட்கார்ந்து யோசித்து, தன் குற்றத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். உடனே தேடிப் போய் நின்றால் அவனுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். மூன்று நாள் விட வேண்டும். அதுதான் மரியாதை.

மனைவியிடம் இதை விளக்கினேன். மீன் — அவளை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள் — கொத்தமல்லி வேரை இடித்துக்கொண்டே கேட்டாள்.

"காய்ச்சலாயிருந்தா?"

"காய்ச்சல்னா சொல்லி அனுப்புவானே."

"யாருகிட்ட? அவருக்கு யாரு இருக்கா, சொல்லி அனுப்ப?"

அவள் இடிப்பதை நிறுத்தவில்லை.

மார்ச் 11, வெள்ளி

இல்லை. இன்றோடு மூன்று நாள். மரியாதை முடிந்தது.

மார்ச் 12, சனி

காலையில் அவன் அறைக்குப் போனேன். அரிசி மண்டிக்குப் பின்னால், மரப்படி ஏறி, மாடியில். பதினோரு ஆண்டில் இது முதல் முறை. பூட்டியிருந்தது. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, காயப்போட்ட லுங்கி, ஒரு பால் டின்னில் மிளகாய்ச் செடி. மண் வெடித்திருந்தது. கீழே போய் ஒரு கிண்ணம் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஒரு சீனர். கணக்கப் பிள்ளை முகம்.

"தவளையா? அப்படி யாரும் இங்க இல்லயே."

"மாடியில. படகு ஓட்டறவர். வழுக்கை, குண்டா."

"ஓ, நாலாம் நம்பரா! புதன்கிழமை விடியகாலைல போனாரு. பஸ் ஏறணும்னாரு. கோயிலுக்கோ எங்கயோ."

"அவர் முழுப் பேரு தெரியுமா?"

"நாலாம் நம்பர்" என்றார் மறுபடியும், எனக்குக் காது மந்தம் என்பது போல.

பதினொன்றரைக்கு ஆற்றோரத்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். விசாரணைச் சாளரத்தில் ஒரு பெண். மிகவும் பொறுமைசாலி. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

"நோயாளி பேரு?"

"தவளை."

"முழுப் பேருங்க."

"அது... தெரியல."

"உங்களுக்கு அவர் யாரு?"

"நண்பர். பதினோரு வருஷமா."

அவள் சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஏதாவது விருது கொடுக்கலாம். "இந்த வாரம் தவளைன்னு கேட்டு நீங்க மூணாவது ஆளு சார். ஒரு தவளை பிரசவ வார்டு. இன்னொண்ணு பல்லு வலி. உங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எறும்பு" என்றேன். பிறகு திருத்தினேன். ஒன்பது குணங்களும் ஞாபகத்துக்கு வர ஒரு நொடி ஆயிற்று.

பேர் தெரியாத ஆள் யாரையாவது கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. இந்த வாரம் வந்தவர்கள் எல்லோரிடமும் அடையாள அட்டை இருந்தது. எல்லோரும் முழுப் பெயரோடுதான் நோயாளியாகியிருக்கிறார்கள். அவளே இரக்கப்பட்டு, புதன்கிழமை சேர்ந்த ஐம்பது வயது ஆண்களின் பெயர்களை வாசித்தாள். பிரசெர்ட். சொம்பூன். வீரபோங். அனுசொர்ன். இன்னும் இரண்டு.

"இதுல யாராச்சும்?"

வீரபோங் என்றால் வீர வம்சத்தவன். பயணிகளின் வேகப் படகு ஒன்று எதிரே வந்தாலே எங்கள் ஆள் அலைக்குப் பயந்து கரையோரம் ஒதுங்கி நிற்பான். இடி இடித்தால் என் குடையைப் பிடுங்கிக்கொள்வான். "இல்லம்மா. இவங்க யாருமே தவளை மாதிரி இல்ல" என்றேன்.

வார்டுக்குள் போய் முகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நோயாளியின் பெயரைச் சொன்னால்தான் உள்ளே போக அட்டை தருவார்களாம். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, படியிறங்கி வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு வெளியே வந்தேன். இரண்டு மணிக்கு எனக்கு ஒரு குழு இருந்தது.

எனக்கு அவனைப் பற்றி என்னதான் தெரியும்? காபியில் சர்க்கரை போடாமல், பக்கத்தில் தனியே ஒரு வெல்லக் கட்டி வைத்துக் கடிப்பான். இடது கால் கட்டைவிரலில் நகம் இல்லை. ஊர் வடகிழக்கே ரோய்-எட் பக்கம். ஒரு தங்கை உண்டு என்று எப்போதோ சொன்னான் — அக்காவோ? மழை வருவதை என்னைவிட அரை மணி நேரம் முன்பே சொல்லிவிடுவான்.

இதையெல்லாம் எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

மார்ச் 13, ஞாயிறு

காவல் நிலையம்.

"காணாமப் போனவர் பேரு?"

சொன்னேன்.

"யோவ், அத நான் எழுதினா என்னத்தான் காணாமப் போனவனாக்குவாரு எங்க அதிகாரி."

உறவினர் வந்து முழுப் பெயரோடு புகார் கொடுக்க வேண்டுமாம். உறவினர் யார் என்று கண்டுபிடிக்க முழுப் பெயர் வேண்டும் என்றேன். "அதான் சொல்றேன்ல" என்றார் திருப்தியாக.

வீட்டுக்கு வந்து மீனிடம் புலம்பினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என் முழுப் பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். முதலெழுத்திலிருந்து குடும்பப் பெயர்வரை.

"அது பழசு. ரெண்டு வருஷம் முன்னாடி ஜோசியர் சொன்னாருன்னு மாத்தினேன். நீங்கதான் கூட வந்து சாட்சிக் கையெழுத்து போட்டீங்க."

மார்ச் 14, திங்கள்

படகில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. மரப்படகு, ஓரிரு நாள் அள்ளாமல் விட்டால் குடித்துவிடும். காலையில் நானே இறங்கி அள்ளினேன். முப்பது டப்பா வரை எண்ணினேன். சோளம் கரையிலிருந்து, "இடுப்ப வளைக்காதீங்க, முழங்காலப் போடுங்க, அவரு அப்படித்தான் அள்ளுவாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வந்ததும் காட்டுங்க, எப்படி அள்ளிருக்கேன் பாருன்னு" என்றாள்.

மனத்தாங்கல் என்றே இருக்கட்டும். என் மேல் வாழ்நாள் முழுக்கக் கோபமாகவே இருக்கட்டும். வேறொரு துறையில் வேறொரு வழிகாட்டியோடு சிரித்துக்கொண்டு, என்னைப் பற்றி மோசமாகப் பேசிக்கொண்டு இருக்கட்டும்.

மார்ச் 15, செவ்வாய்

நான்கு துறைகளில் விசாரித்தேன். மூன்று தவளைகள். ஒருவர் பெண்.

மார்ச் 16, புதன்

பிற்பகல் குழு: பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மனம் எதிலும் ஒட்டவில்லை. இளநீர்க் கதையை இரண்டு முறை சொன்னேன்.

கோயிலில் இறங்கியபோது இரண்டாவது மண்டபத்தில் ஓர் ஈமச் சடங்கு. எரியூட்டும் நேரம். இப்படி அமைந்தால் தூரத்திலிருந்து காட்டுவது வழக்கம். பண்பாடு என்ற தலைப்பில் இது நன்றாக எடுபடும். இன்று மண்டபத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இருவர் பூ அலங்காரம் செய்தவர்கள்.

கறுப்பு உடுத்திய ஒரு நாட்டுப்புறப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கும்பிட்டாள்.

"அண்ணே, அந்த வெள்ளக்காரங்கள வந்து உக்காரச் சொல்றீங்களா? நாற்காலியெல்லாம் சும்மா கெடக்கு. சாமியாருங்க முன்னால அசிங்கமா இருக்கு."

"சொந்தக்காரங்க வரலயாம்மா?"

"ஊர்லேருந்து எத்தன பேரு வர முடியும்? இங்க கூட வேல பாத்தவங்க வருவாங்கன்னு மூணு ராத்திரி ஓதவச்சுக் காத்திருந்தோம். ஒருத்தரு எட்டிப் பாக்கல. பட்டணம் இப்படித்தான் போல."

பட்டணத்தின் சார்பில் எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்தேன். அவர்கள் இதைவிட ஒழுங்காக எந்த இடத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பலகையில் எழுதியிருந்த பெயருக்குப் பொருள் கேட்டார்கள்; வீர வம்சத்தவர் என்றேன். இந்த நாட்டில் வீர வம்சத்தவர்கள் அநேகம். எந்த வரிசையில் நின்றாலும் முன்னால் இருவர் இருப்பார்கள். வயது ஐம்பத்தொன்று என்று போட்டிருந்தது. படத்தில் இருந்ததோ ராணுவச் சீருடையில் இருபத்தொரு வயது ஒல்லிப் பையன், தலை நிறைய முடி. வீட்டில் வேறு படம் இல்லை போலும். எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு இளமையாக இருக்க அனுமதி உண்டு என்றேன். ஓர் அம்மாள் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் வரிசையாகப் போய்ச் சந்தன மரச் சீவலால் செய்த பூவைப் பெட்டியின் மேல் வைத்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாது. நான் படிக்குக் கீழே நின்று பன்னிரண்டு பேரின் பைகளையும் கேமராக்களையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் வந்தவர்களுக்குத் தரும் நினைவுப் பொருளாக ஆளுக்கொரு மூக்கில் உறிஞ்சும் தைலக் குப்பி கொடுத்தாள். எனக்கும் நீட்டினாள். நான் பூ வைக்கவில்லையே என்று வேண்டாமென்றேன். விடவில்லை.

படகில் திரும்பும்போது எல்லோரும் சொன்னார்கள், பயணத்திலேயே இதுதான் உண்மையானது என்று.

மார்ச் 17, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை எட்டு மணி. சோளத்தின் கடையில் உட்கார்ந்திருந்தேன். நேற்று கோயிலில் பார்த்த அதே பெண் துறைக்கு வந்தாள், கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்னச் சட்டி. எலும்பு பொறுக்கிவிட்டு நேரே வருகிறாள். சாம்பலை ஆற்றில் விட ஒரு படகு வேண்டும் என்றாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கும்பிட்டாள்.

"எங்க லாவும் படகுதான் ஓட்டினான்ணே. இந்தப் பக்கம்தான் எங்கயோன்னு சொல்லுவான். எந்தத் துறைன்னு தெரியல."

லா என்றால் அவர்கள் பக்கத்தில் கடைக்குட்டி.

"லான்னு இங்க யாரும் இல்லயேம்மா" என்றாள் சோளம். "நல்ல பேரு என்ன?"

"வீரபோங்."

"அப்படியும் யாரும் இல்ல. இங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் இடுப்புப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு அடையாள அட்டையை எடுத்தாள்.

அட்டையில் தவளை இருந்தான். வழுக்கையோடு. புகைப்படக்காரர் சிரிக்காதே என்று சொல்லியிருக்கிறார். அவனால் முழுவதும் கட்டுப்படுத்த முடியவில்லை.

சோளம் கெண்டியைக் கீழே வைத்தாள். வைத்த இடத்தில் மேசை இல்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் மாரடைப்பு. நடத்துநர் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறாள். அட்டையில் இருந்த ஊர் முகவரிக்குத் தகவல் போய், அக்காவான இவள் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்திருக்கிறாள். சட்டைப் பையில் அறைச் சாவி, இன்னொரு சின்னச் சாவி. எந்தக் கதவு என்று அவளுக்குத் தெரியாது. கேட்க ஆளும் தெரியாது. பக்கத்துக் கோயில் என்பதால் அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் பலகை அங்கே இருந்திருக்கிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் — தினமும் இரண்டு குழு — ஆறு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். படிச்சுமிருக்கேன். எனக்குப் படிக்கத் தெரியும். அதுக்கு லைசென்ஸே இருக்கு.

"எப்போ..." என்று கேட்டேன்.

"சனிக்கிழம பொழுதுசாயத்தான்ணே. மத்தியானம் ஒருதரம் நல்லாக் கண்ணத் தொறந்தான். பேச்சும் வந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், என்னயப் பாக்காம, 'எறும்பு, எறும்பு'ங்கறான். மெத்தையில எறும்புன்னு நெனச்சு நர்சம்மாகிட்டச் சொன்னேன். பாவம், நல்ல பொண்ணு, தட்டி விரிப்ப மாத்திச்சு. மறுபடியும் எறும்புங்கறான். கட்டில் காலு நாலுக்கும் கிண்ணத்துல தண்ணி வச்சாங்க. அப்புறமும், 'எறும்பக் கூப்பிடு, எறும்பக் கூப்பிடு'ன்னே சொல்லிட்டிருந்தான். எறும்ப எப்படிண்ணே கூப்பிடறது? காய்ச்சல்ல பெனாத்தறான்னு இருந்துட்டோம்."

"எத்தன மணிக்கு?"

"சாப்பாட்டு நேரம். பன்னெண்டு, பன்னெண்டரை."

சோளம் என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு பெயர் போதுமாயிருந்திருக்கும். அந்த ஆறில் ஏதாவது ஒன்று. வாய்க்கு வந்த ஒண்ண சொல்லிருந்தா அட்டை குடுத்திருப்பா. ஒவ்வொரு கட்டிலா பாத்துட்டுப் போயிருக்கலாம். ஒரு மாடி ஏறணும், அவ்வளவுதான். நான் பெஞ்சுல உக்காந்து படியில இறங்கறவங்களப் பாத்துட்டிருந்தேன்.

"அவனுக்கு இங்க சிநேகிதங்க யாரும் இல்லபோலன்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு சட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, மரியாதைக்காகக் கேட்டாள்: "உங்க பேரு என்னண்ணே?"

"நொப்பகுன்" என்றேன்.

மார்ச் 18, வெள்ளி

அந்தச் சின்னச் சாவி படகுச் சங்கிலிக்குப் பொருந்தியது.

சோளம்தான் ஓட்டினாள், வாய்க்காலில் பிறந்தவள், எல்லாம் தெரியும். கடை இன்று இல்லை. மீனும் வந்தாள், மல்லிகை மாலையோடு. தென்னந்தோப்புக்காரர், நான்கு துறைகளிலிருந்து ஆட்கள், பல்வலித் தவளை உட்பட — ஒன்பது படகு பின்னால் வந்தது. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அக்காக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இவங்கள்லாம் யாரு?"

"தெரிஞ்சவங்க" என்றாள் சோளம்.

ஆற்றின் நடுவில், சாம்பலை விடும் இடத்தில், ஒரு பெரிய பயணிகள் படகு கடந்து போய் அலை வந்தது. படகு சாய்ந்தது. "எறும்பண்ணே, கயிறப் பிடி!" என்று சோளம் கத்தினாள். நான் பிடித்தேன்.

அக்காக்காரி என் முகத்தைப் பார்த்தாள். அலை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தாள்.

மார்ச் 19, சனி

வேலைக்குப் போகவில்லை. அக்காவை வடகிழக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படகைத் துறையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். யாருக்காவது உபயோகப்படட்டும் என்றாள். மிளகாய்ச் செடியை டின்னோடு மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஜன்னல் வழியாக, "வரேன், எறும்பு" என்றாள். அண்ணே சேர்க்கவில்லை.

மார்ச் 22, செவ்வாய்

பயண நிறுவனம் ஒரு புதிய படகோட்டியை அனுப்பியது. நாற்பது வயது, கெட்டிக்காரர், நல்ல முகம். என்னை முன்பே கேள்விப்பட்டிருக்கிறார்.

"வணக்கம் எறும்பண்ணே. என் பேரு இறால்."

"முழுப் பேரு?"

சிரித்தார். "அது எதுக்குண்ணே? இறால்னா எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லுங்க. ஊரு எது, யாருக்குச் சொல்லி அனுப்பணும், எல்லாம் எழுதிக்கணும். அடையாள அட்டை இருக்கா?"

நோட்டையும் பென்சிலையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். சோளம் கடையிலிருந்து, "விடுங்கண்ணே, மொத நாளு" என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அட்டை ரூம்ல இருக்குண்ணே. இதோ, எடுத்துட்டு வந்துடறேன்."

பதினொன்றரை வரை காத்திருந்தோம். இறால் வரவில்லை. பிறகு பயணிகள் பதினான்கு பேரையும் பேருந்தில் ஏற்றி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன்.